கொமடோர் 64-இல் சீரியல் வேகத்தைக் கூட்டுவது: மோடத்தை மாற்றும் முன் கவனிக்க வேண்டியவை

கேள்வி இதுதான்: கொமடோர் 64 என்ற பழைய வீட்டுக் கணினியின் யூசர் போர்ட்டில் (வெளிக்கருவிகளை மாட்டும் இணைப்பானில்) ஒரு வைஃபை மோடம் மாட்டியிருக்கிறீர்கள். 300, 1200 பாட் (வினாடிக்கு இத்தனை பிட்) வேகத்தில் ஒழுங்காக ஓடுகிறது. 2400-க்குப் போனால் எழுத்துகள் சிதைகின்றன. 9600-இல் ஒன்றுமே புரியவில்லை. கேபிளில் கோளாறா, மோடத்தை மாற்றலாமா, ஸ்விஃப்ட்லிங்க் மாதிரியான கார்ட்ரிட்ஜ் வாங்கினால் பலன் உண்டா? கூடவே, வீட்டில் இருக்கும் பழைய எக்ஸ்டி வகை பிசிக்கும் இதே வழிதானா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

மோடத்தை மாற்ற வேண்டாம். கேபிளும் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். சிக்கல் கணினிக்குள் இருக்கிறது: பிட்களை எண்ணும் வேலையைச் செய்ய அங்கே தனியாக ஒரு சிப் கிடையாது.

மற்ற பல கணினிகளில் சீரியல் போர்ட் (பிட்களை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பி வாங்கும் வழி) என்றால் அதற்கென்று ஒரு சிப் இருக்கும். வரும் பிட்களை வாங்கி, எட்டைச் சேர்த்து ஒரு பைட் ஆக்கி, 'எடுத்துக்கொள்' என்று பிராசஸருக்குச் சொல்லும். கொமடோருக்கே சொந்தமான மாஸ் டெக்னாலஜி அப்படி ஒரு சிப்பைச் செய்துகொண்டும் இருந்தது. அதுதான் 6551. ஆனாலும் கொமடோரின் முந்தைய கணினியான விக்-20-இல் அது வரவில்லை, அதன் வேலையை மென்பொருளில் நடித்துக் காட்டினார்கள். 1982-இல் வந்த 64-உம் அதே ஏற்பாட்டை வைத்துக்கொண்டது. இதன் தடயத்தை இன்றும் பார்க்கலாம். நினைவகத்தில் 659, 660 ஆகிய இடங்களில் கெர்னல் (கணினியின் ரோமில் இருக்கும் அடிப்படை நிரல்) வைத்திருப்பவை 6551-இன் கன்ட்ரோல், கமாண்ட் ரெஜிஸ்டர்களின் போலிகள். அந்தப் போலி ரெஜிஸ்டருக்கான அட்டவணையில் 4800, 9600, 19200 எல்லாம் இருக்கும், ஆனால் பக்கத்திலேயே 'செயல்படுத்தப்படவில்லை' என்ற குறிப்பும் இருக்கும். 2400-க்கு மேல் கெர்னலுக்கு எதுவும் தெரியாது.

அந்த 2400-ஏ ஏன் தடுமாறுகிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். 64-இன் பிராசஸர் ஓடுவது ஏறக்குறைய 1 மெகாஹெர்ட்ஸில். அதாவது ஒரு கிளாக் சுழற்சிக்குச் சுமார் ஒரு மைக்ரோ வினாடி. 2400 பாட்டில் ஒரு பிட்டின் நீளம் 416 மைக்ரோ வினாடி. அந்த 416 சுழற்சிக்குள் பிராசஸர் தன் வேலையை விட்டுவிட்டு என்எம்ஐ என்ற, தள்ளிப்போட முடியாத குறுக்கீட்டுக்கு வந்து, கம்பியைப் பார்த்து, பிட்டைச் சேர்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். அனுப்புவதற்கு ஒரு டைமர், வாங்குவதற்கு இன்னொரு டைமர். இரண்டும் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் ஒன்று காத்திருக்கத்தான் வேண்டும். இதற்கு மேல் விக்-2 வீடியோ சிப்பின் குறுக்கீடு வேறு. எழுத்துத் திரையில் ஒவ்வோர் எட்டாவது கோட்டிலும் அடுத்த வரிசை எழுத்துகளைப் படிக்க அது பிராசஸரை 40 முதல் 43 சுழற்சிகள் வரை நிறுத்தி வைக்கும். ஸ்பிரைட்கள் (நகரும் சிறு படங்கள்) திரையில் இருந்தால் இன்னும் கொஞ்சம் போகும். 1200-இல் இந்தத் தாமதங்கள் உறைக்காது. 2400-இல் ஒன்றோடொன்று சேரும்போது பிட்டைத் தப்பான இடத்தில் பார்த்துவிடும். 9600-இல் ஒரு பிட்டே 104 மைக்ரோ வினாடிதான், கெர்னலின் முறையில் அது நடக்கவே நடக்காது.

இதை நீங்களே உறுதி செய்துகொள்ளலாம். முதலில், எழுத்து சிதைகிறதா அல்லது காணாமல் போகிறதா என்று பிரித்துப் பாருங்கள். இரண்டும் வேறு வேறு நோய். சிதைந்தால் நேரக் கணக்கு தப்புகிறது. முழுசு முழுசாக எழுத்துகள் விடுபட்டால், கெர்னல் ஒதுக்கும் 256 பைட் பஃபர் (தற்காலிகச் சேமிப்பிடம்) நிரம்பி வழிகிறது; டெர்மினல் நிரல் (மோடத்தோடு பேசும் நிரல்) திரையை நகர்த்திக்கொண்டிருக்கும்போது உள்ளே வந்தவற்றுக்கு இடமில்லை. கெர்னலே இதைக் குறித்து வைக்கிறது: பேசிக்கில் எழுதிய சிறு நிரலில் பீக் செய்து (நினைவக இடத்தைப் படிக்கும் கட்டளை அது) 663-ஐப் பாருங்கள். அதில் 2 என்ற மதிப்புள்ள பிட் ஏறியிருந்தால் ஃபிரேமிங் பிழை (பைட்டின் முடிவு எதிர்பார்த்த இடத்தில் வரவில்லை), 4 என்ற மதிப்புள்ளது ஏறியிருந்தால் பஃபர் வழிந்தது. அப்புறம் 53265-இல் 16-க்கான பிட்டை அணைத்துத் திரையை மூடிவிட்டு அதே சோதனையைத் திரும்ப ஓட்டுங்கள். திரை மூடியிருக்கும்போது விக்-2 பிராசஸரை அப்படி நிறுத்தாது. அப்போது ஃபிரேமிங் பிழைகள் குறைந்தால் கேபிள் மேல் பழி போட வேண்டியதில்லை. நீங்கள் தட்டச்சு செய்யும்போது மட்டும் வரும் எழுத்துகள் கெடுகின்றன என்றாலும் காரணம் இதே இரண்டு டைமர் மோதல்தான்.

(இந்தச் சோதனை நிரலில் ஒன்றை நினைவில் வையுங்கள். சாதன எண் 2-ஐ ஓப்பன் செய்ததும் கெர்னல் பேசிக் நினைவகத்தின் மேல்பகுதியிலிருந்து 512 பைட்டை எடுத்துக்கொண்டு மாறிகளை எல்லாம் அழித்துவிடும். அதனால் ஓப்பன் கட்டளை முதல் வரியிலேயே வரட்டும்.)

சரி, தீர்வுக்கு வருவோம். இரண்டு வழி உண்டு. செலவே இல்லாத வழியை முதலில் சொல்கிறேன், உங்களுக்கு அதுவே போதும் என்பது என் கருத்து.

64-இல் வெளிக்கருவிகளோடு பேசும் இரண்டு 6526 சிஐஏ சிப்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு எட்டு பிட் ஷிஃப்ட் ரெஜிஸ்டர் (பிட்களை ஒவ்வொன்றாகத் தானே வாங்கும், அனுப்பும் பகுதி) உண்டு. விக்-20-இல் இதே வேலைக்கு இருந்த 6522 சிப்பின் ஷிஃப்ட் ரெஜிஸ்டரில் பிழை இருந்ததால்தான் கொமடோரின் வட்டு இயக்கிப் பாதையே மென்பொருளுக்குப் போய் மெதுவாயிற்று. 6526-இல் அந்தப் பிழை இல்லை. ஆனாலும் 64-இன் கெர்னல் அதைச் சீண்டவே இல்லை. அதன் முனைகள் மட்டும் யூசர் போர்ட்டுக்கு இழுத்துவிடப்பட்டு, சும்மா கிடக்கின்றன. இவற்றைப் பயன்படுத்தி டேனியல் டால்மன் உருவாக்கிய முறைதான் யுபி9600.

கம்பி இணைப்பு மூன்றே இடத்தில். யூசர் போர்ட்டின் பி, சி முனைகள் ஏற்கனவே சேர்ந்திருக்கும், அதுதான் தகவல் உள்ளே வரும் வழி. அதோடு 7-ஐச் சேர்க்க வேண்டும். தகவல் வெளியேறும் எம் முனையோடு 5-ஐச் சேர்க்க வேண்டும். எல் முனையை 6-ஓடு இணைக்க வேண்டும். எல்லாமே மோடம் பலகையின் இணைப்பானில் செய்கிற வேலை, கணினிக்குள் ஒரு ஒயரையும் தொட வேண்டாம். இன்று விற்கும் பல வைஃபை மோடம்களில் இந்த இணைப்புகள் ஏற்கனவே இருக்கும், அல்லது ஜம்பர் போட்டால் வந்துவிடும். உங்கள் பலகையைத் திருப்பிப் பார்த்துவிட்டு அப்புறம் சால்டரிங் அயர்னை எடுங்கள்.

இது எப்படி வேலை செய்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒரு பைட் வரத் தொடங்கும்போது ஸ்டார்ட் பிட்டின் விளிம்பு பி முனையில் பட்டு ஒரு என்எம்ஐ எழும். நிரல் உடனே டைமரை ஓட விடும். டைமர் எல் முனையை மேலும் கீழும் ஆட்ட, அது 6 வழியாக ஷிஃப்ட் ரெஜிஸ்டருக்குக் கிளாக் ஆகிறது. எட்டு பிட்டும் பிராசஸரின் உதவி இல்லாமலே உள்ளே சேர்ந்துவிடும். அதாவது பிட்டுக்கு ஒரு தடவை நேரம் தவறும் வாய்ப்பு போய், பைட்டுக்கு ஒரு தடவை என்றாகிறது. விக்-2 நாற்பத்து மூன்று சுழற்சி தாமதப்படுத்தினாலும் 104-க்குள் அதற்கு இடம் இருக்கிறது. 19200-இல் பிட் 52 மைக்ரோ வினாடிக்குச் சுருங்கிவிடும், அங்கே அந்த நாற்பத்து மூன்று தாங்காது. பெயரில் 9600 இருப்பதற்கு இந்தக் கணக்கே காரணம்.

அனுப்பும் பக்கத்தில் வேறு சங்கடம். ஷிஃப்ட் ரெஜிஸ்டர் மதிப்பில் பெரிய பிட்டை முதலில் தள்ளும், ஆர்எஸ்-232 என்ற சீரியல் தரத்துக்கு மதிப்பில் சிறிய பிட் முதலில் வேண்டும். அதனால் ஒவ்வொரு பைட்டையும் அட்டவணை பார்த்துத் திருப்பிப் போட வேண்டும். ஸ்டார்ட், ஸ்டாப் சேர்த்துப் பத்து பிட், ரெஜிஸ்டரோ எட்டு பிட், எனவே பைட்டுக்கு இரண்டு தடவை நிரப்ப வேண்டும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியவே தெரியாது. சிசிஜிஎம்எஸ், நோவாடெர்ம் போன்ற டெர்மினல் நிரல்களில் மோடம் வகையை யுபி9600 என்று தேர்ந்தெடுத்தால் அவை பார்த்துக்கொள்ளும்.

ஒரு எச்சரிக்கை. எல் முனை வழக்கமான இணைப்பில் டிஎஸ்ஆர், அதாவது மோடம் தயார் என்று சொல்லும் கம்பி. யுபி9600-இல் அதைக் கணினி வெளியீடாக ஆட்டுகிறது. மோடம் பலகையும் அதே முனையை டிஎஸ்ஆர் என்று ஓட்டிக்கொண்டிருந்தால் இரண்டு வெளியீடுகள் முட்டிக்கொள்ளும். அந்தத் தடத்தை வெட்டிவிட்டுத்தான் 6-ஓடு சேர்க்க வேண்டும்.

யூசர் போர்ட்டைத் தொடும் எவருக்கும் இன்னும் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். அந்த முனைகள் பெரும்பாலும் இடையில் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் நேரே சிஐஏ-வுக்குப் போகின்றன. கணினி ஓடும்போது மாட்டவோ கழற்றவோ கூடாது. இரண்டாவது சிஐஏ போனால் மோடம் மட்டும் போகாது. வட்டு இயக்கிப் பாதையும், விக்-2 எந்த 16 கிலோபைட் பகுதியைப் பார்க்க வேண்டும் என்ற தேர்வும் அதே சிப்பில்தான். திரையில் குப்பை, வட்டு இயக்கி பதில் சொல்லவில்லை என்று இரண்டும் சேர்ந்து வந்தால் பலரும் ரேமைச் சந்தேகிப்பார்கள், குற்றவாளி இந்தச் சிப்பாக இருக்கலாம். இன்னொன்று, இணைப்பானில் பள்ளத்துக்கான சாவித் துண்டுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். மலிவான பலகைகளில் இருக்காது. தலைகீழாக மாட்டினால் கணினியின் 10, 11 முனைகள், அதாவது 9 வோல்ட் ஏசி வரும் முனைகள், பலகையின் சி, பி முனைகளில் போய் உட்காரும். மோடத்தின் தகவல் கம்பியில் நேரே 9 வோல்ட் ஏசி!

மின்சாரமும் அப்படித்தான். யூசர் போர்ட்டின் 5 வோல்ட் முனையிலிருந்து 100 மில்லியாம்பியருக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது கொமடோர் விதித்த வரம்பு. வைஃபை மோடம்களில் இருக்கும் ஈஎஸ்பி8266, அலைவரிசையில் அனுப்பும் கணத்தில் 170 மில்லியாம்பியர் வரை இழுக்கும். பலருக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் பழைய பவர் சப்ளையை வைத்துக்கொண்டு நான் அப்படி ஓட்ட மாட்டேன். அந்தக் கறுப்புக் கட்டிக்குள் இருக்கும் 5 வோல்ட் ரெகுலேட்டர் கெடும்போது வோல்டேஜ் ஏறி, ரேம் சிப்களைக் கொன்றுவிடும். மல்டிமீட்டரில் 5.25-க்கு மேல் காட்டினால் அதை ஓரமாக வைத்துவிட்டுப் புதிதாகச் செய்த பவர் சப்ளை ஒன்று வாங்குங்கள். மோடத்துக்கு யுஎஸ்பி வழியாகத் தனி மின்சாரம் கொடுக்க முடிந்தால் அதுவே நல்லது. கிரவுண்டை மட்டும் பொதுவாக வைத்துக்கொள்ளுங்கள்.

வைஃபை மோடத்துக்குப் பதில் அசல் பழைய மோடத்தையோ பிசியையோ இணைப்பதாக இருந்தால் மட்டம் மாற்றி அவசியம். யூசர் போர்ட் 0, 5 வோல்ட்டில் பேசும். ஆர்எஸ்-232 இரு பக்கமும் 3 முதல் 15 வோல்ட் வரை ஆடும், அதிலும் நெகட்டிவ்தான் 1. கொமடோர் இதற்காக விக்-1011ஏ என்ற அடாப்டரை விற்றது. இன்று மேக்ஸ்232-உம் நாலு கப்பாசிட்டரும் இருந்தால் வேலை முடிந்தது.

இனி இரண்டாவது வழி, கார்ட்ரிட்ஜ். டாக்டர் ஈவில் லேபரட்டரீஸ் 1990-இல் கொண்டுவந்த ஸ்விஃப்ட்லிங்க், கணினியில் முதலிலேயே இருந்திருக்க வேண்டிய 6551-ஐ எக்ஸ்பான்ஷன் போர்ட் வழியாகச் சேர்த்தது. 6551-உக்கு வழக்கமாகக் கொடுக்கும் கிரிஸ்டல் 1.8432 மெகாஹெர்ட்ஸ். ஸ்விஃப்ட்லிங்கில் அதன் இரட்டிப்பு, 3.6864. அதனால் எல்லா வேகமும் இரண்டு மடங்கு: நிரலில் 19200 என்று வைத்தால் கம்பியில் 38400 ஓடும். இது தெரியாமல் மறுமுனையை 19200-இல் வைத்துவிட்டுக் கார்ட்ரிட்ஜ் பழுது என்று நினைப்பவர்கள் உண்டு.

இதைச் சொந்தமாகச் செய்வதும் கடினமில்லை. ஆனால் சிப் வாங்கும்போது கண்ணைத் திறந்து வாங்குங்கள். இன்று கடையில் புதிதாகக் கிடைக்கும் டபிள்யூடிசி நிறுவனத்தின் 65சி51என் சிப்பில், 'அனுப்பும் ரெஜிஸ்டர் காலி' என்று சொல்லும் பிட் எப்போதும் காலி என்றே காட்டும். பழைய நிரல்கள் அதை நம்பி அடுத்த பைட்டைத் தள்ளிவிடும், முந்தைய பைட் நசுங்கிவிடும். ராக்வெல், மாஸ் போன்றவர்களின் பழைய சிப்பைத் தேடிப் பிடிப்பதுதான் வழி. சிடிஎஸ் ('அனுப்பலாம்'), டிசிடி ('இணைப்பு கிடைத்தது'), டிஎஸ்ஆர் முனைகளை அந்தரத்தில் விடவும் கூடாது. சிடிஎஸ் கீழே இறங்கவில்லை என்றால் சிப் ஒரு எழுத்தும் அனுப்பாது.

கார்ட்ரிட்ஜைச் சோதிக்க டெர்மினல் நிரல்கூட வேண்டாம். வெளியே போகும் கம்பியையும் உள்ளே வரும் கம்பியையும் இணையுங்கள், ஆர்டிஎஸ்-ஐயும் (கணினி மறுமுனையை 'அனுப்பு', 'நிறுத்து' என்று சொல்லும் கம்பி) சிடிஎஸ்-ஐயும் இணையுங்கள். கார்ட்ரிட்ஜ் வழக்கமான 56832 முகவரியில் இருந்தால், போக் 56835,31 என்று (போக் என்பது நினைவக இடத்தில் எழுதும் கட்டளை) அடித்து அதிகபட்ச வேகம், எட்டு பிட், ஒரு ஸ்டாப் பிட் என்று அமையுங்கள். போக் 56834,11 என்று அடித்தால் சிப் விழிக்கும், குறுக்கீடுகள் எழாது. இப்போது போக் 56832,65. பிறகு பீக் செய்து 56832-ஐப் படித்தால் 65 திரும்பி வர வேண்டும். வந்தால் சிப், கிரிஸ்டல், மட்டம் மாற்றி எல்லாம் உயிரோடு இருக்கின்றன. வராவிட்டால் முதலில் சிடிஎஸ்-ஐப் பாருங்கள். ஆக்‌ஷன் ரீப்ளே போன்ற கார்ட்ரிட்ஜ்களும் இதே முகவரிப் பகுதியைப் பயன்படுத்துபவை, இரண்டையும் சேர்த்து மாட்டினால் தகராறு வரும்.

38400-இல் ஒரு பைட்டுக்கு 260 மைக்ரோ வினாடி அவகாசம். ஒரு என்எம்ஐ, இடையில் விக்-2-இன் நிறுத்தம் இரண்டுக்கும் அது போதும். சிஎம்டி நிறுவனம் பின்னால் விற்ற டர்போ232 கார்ட்ரிட்ஜ் 230400 வரை போகும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 6551 வாங்கி வைத்திருப்பது ஒரே ஒரு பைட். 115200-இல் அடுத்த பைட் 87 மைக்ரோ வினாடியில் வந்து நிற்கும். ஒரு மெகாஹெர்ட்ஸ் பிராசஸர் குறுக்கீட்டுக்குள் போய் வருவதற்கே அதில் பெரும்பகுதி போய்விடும். சூப்பர்சிபியு மாதிரியான 20 மெகாஹெர்ட்ஸ் முடுக்கி வைத்திருப்பவர்களுக்குத்தான் அந்த வேகங்களால் பலன். சாதாரண 64-உக்கு 38400-ஐத் தாண்டிப் பணம் செலவழிக்க வேண்டாம்.

எவ்வளவு வேகம் உண்மையில் தேவை என்பதையும் பாருங்கள். கொமடோரின் 1541 வட்டு இயக்கியில் போடும் ஒரு வட்டில் 174848 பைட். அதை 300 பாட்டில் இறக்கினால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். 2400-இல் 12 நிமிடம், 9600-இல் 3 நிமிடம், 38400-இல் முக்கால் நிமிடம். இது கம்பியின் கணக்கு. 1541 கெர்னல் வழியாக எழுதும் வேகமோ வினாடிக்குச் சில நூறு பைட்தான். 9600-இலேயே மோடம் வட்டு இயக்கியை முந்திவிட்டது. ரேம் விரிவாக்கத்திலோ எஸ்டி கார்டு இயக்கியிலோ சேமிக்கிறவர்களுக்குத்தான் அதற்கு மேல் பலன் தெரியும். அப்படி அல்டிமேட் வகை கார்ட்ரிட்ஜ் ஏற்கனவே வைத்திருந்தால், அதன் மெனுவைத் திறந்து பாருங்கள். அது 6551-ஐயும் மோடத்தையும் தானே பாவனை செய்து வலைப்பின்னலுக்குப் போகும், தனியாக எதையும் வாங்க வேண்டியதில்லை.

வேகம் கூடியதும் பாய்வுக் கட்டுப்பாடு (மறுமுனையை நிறுத்தவும் தொடரவும் சொல்வது) முக்கியமாகிவிடும். 64 வட்டு இயக்கியோடு பேசும்போது வேறு எதையும் கவனிக்காது. அந்த நேரத்தில் மறுமுனை நிறுத்தாமல் அனுப்பினால் எல்லாம் தொலைந்தது. எக்ஸ்மோடம், பன்டர் போன்ற நெறிமுறைகள் தொகுதி தொகுதியாக அனுப்பிப் பதிலுக்குக் காத்திருப்பதால் தப்பிக்கும். வெறும் எழுத்தாக ஓடும் திரைக்கு ஆர்டிஎஸ், சிடிஎஸ் இரண்டும் வேண்டும், மோடத்தின் பக்கத்திலும் அதை இயக்க வேண்டும். ஒரு நுணுக்கம்: 6551-இல் ஆர்டிஎஸ்-ஐ உயர்த்தி 'நிறுத்து' என்று சொன்னால் அதன் அனுப்பும் பகுதியும் சேர்ந்து அணைந்துவிடும். அதனால் ஒரே சமயத்தில் அனுப்பவும் வாங்கவும் செய்யும் சொந்த நிரல் எழுதுகிறவர்கள், கடைசி எழுத்து முழுதாக வெளியே போன பிறகே ஆர்டிஎஸ்-ஐத் தொட வேண்டும்.

உங்கள் எக்ஸ்டி-யின் கதை எளிது. அதில் முதலிலிருந்தே சீரியல் சிப் உண்டு, 8250 ஆக இருக்கும். அதுவும் ஒரு பைட்டை மட்டும் தாங்கும். அதற்கு 16 பைட் வரிசை கொண்ட 16550ஏ-வைப் போடலாம். 40 கால், பெரும்பாலான கார்டுகளில் அப்படியே பொருந்தும். 'ஏ' என்ற எழுத்தைப் பார்த்து வாங்குங்கள், அது இல்லாத முதல் 16550-இல் அந்த வரிசை சரியாக வேலை செய்யாது. கார்டில் சிப் சாக்கெட்டில் இருந்தால் பிடுங்கி மாற்றலாம். சால்டர் செய்திருந்தால் நாற்பது காலையும் கழற்றித் தடத்தைக் கெடுத்துக்கொள்வதைவிட 16550ஏ உள்ள இன்னொரு ஐஎஸ்ஏ கார்டு வாங்குவது மேல். மாற்றியதும் டாஸில் எம்எஸ்டி என்ற சோதனை நிரலை ஓட்டினால் எந்தச் சிப் என்று காட்டும். அந்த 16 பைட் வரிசை தானாக இயங்காது, மென்பொருள்தான் அதை எழுப்ப வேண்டும். உங்கள் டெர்மினல் நிரலுக்கு அது தெரியாவிட்டால் எக்ஸ்00 போன்ற ஃபாஸில் டிரைவரை (டெர்மினல் நிரலுக்கும் சீரியல் சிப்புக்கும் இடையில் நிற்கும் சிறு நிரல்) முதலில் ஏற்றிவிட்டு அதன் வழியாகப் பேசச் சொல்லுங்கள்.